கன்டாமினேஷன்: மாசா, கலப்படமா, தொற்றா?

மருந்துகளைத் திரும்பப் பெறும் செய்திகளில் 'கன்டாமினேஷன்' என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் இதைக் 'கலப்படம்' என்று சொல்பவர்களும் உண்டு, 'தொற்று' என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை.

சொல்லின் வேர் லத்தீன். அதில் 'கான்' என்றால் கூட, 'டாங்கெரே' என்றால் தொடுதல். ஒன்று பட்டதால் அழுக்காவது என்பதுதான் மூலப் பொருள். 'கான்டாக்ட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததே. யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்ற குறிப்பு இதில் இல்லை. நம் பேச்சில் கலப்படம் என்றாலோ, காசுக்காகத் தெரிந்தே கலப்பது.

தொற்று என்பது கிருமி உடலைப் பற்றிக்கொண்டு பெருகுவது. அது மருந்தைப் போட்டுக்கொண்டவருக்குத்தான் வரும், புட்டிக்கு வராது. ஆக, புட்டியில் இருப்பது மாசு. 'மாசுபாடு' என்றால் காற்றும் ஆறும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் 'மாசுறுதல்' என்பதையும், கிருமி என்றால் 'கிருமி மாசு' என்பதையும் நான் விரும்புகிறேன். இப்படிப் பிரித்துச் சொல்வது அவசியம். இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் சேர்ந்தால் அதுவும் மாசுதான். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, தொற்று எதையும் தராது.

கிருமி மாசு எவ்வளவு ஆபத்து என்பது மருந்து எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. விழுங்கும் மாத்திரையில் ஓரளவு நுண்ணுயிர் இருக்க விதிகளே இடம் தருகின்றன, வயிற்று அமிலம் பலவற்றைக் கொன்றுவிடும். ஊசிக்கும் கண் சொட்டுமருந்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. 2012-இல் அமெரிக்காவில், முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசிமருந்தில் பூஞ்சை இருந்தது. அது பலருக்கு மூளையுறை அழற்சியாக மாறியது. 750-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023-இல் அங்கேயே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுமருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் தொற்று சிலரின் பார்வையைப் பறித்தது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி அது.

அப்புறம் ஒரு சிக்கல். கிருமி செத்த பிறகும் சில பாக்டீரியாக்களின் உறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் மருந்திலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. ரத்தத்தில் ஏறினால் குளிரும் காய்ச்சலும் வரும், உயிருள்ள கிருமி ஒன்றுகூட இருக்காது. இப்படிக் காய்ச்சலைக் கிளப்பும் பொருளுக்குப் பைரோஜன் என்று பெயர். தமிழில் 'காய்ச்சலூக்கி' எனலாம்.