தைலம் காய்ச்சும் கொட்டகையும் போர்க்கப்பலின் குடிநீரும்

"வியட்நாம் மண்ணில் கால்கூட வைக்காத அமெரிக்கக் கடற்படைக்காரர்களுக்கு ஏஜென்ட் ஆரஞ்சு இழப்பீடு கொடுக்கிறார்களாமே? மருந்தடித்தது காட்டில், இவர்கள் இருந்தது நடுக்கடலில். இது என்ன கணக்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அமெரிக்க அரசே பல வருஷம் இதைச் சொல்லித்தான் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

தெரிந்த கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் சுமார் ஏழு கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்தன. அதில் பெரும்பங்கு, பீப்பாயில் ஆரஞ்சுப் பட்டை போட்டு வந்த கலவை, அதுதான் ஏஜென்ட் ஆரஞ்சு. 2,4-டி பாதி, 2,4,5-டி பாதி. நம் வயல்களில் இன்றும் அடிக்கிற 'டூ ஃபோர் டி' அந்த முதல் பாதிதான். வில்லன் இரண்டாவது பாதியில் இருந்தான். 2,4,5-டி தயாரிக்கும்போது சூடு கொஞ்சம் எல்லை மீறினால் டிசிடிடி என்ற டையாக்சின், ஒரு கொடிய நச்சு, கழிவாகக் கூடவே உருவாகிவிடும். உடம்பின் கொழுப்பில் போய் உட்கார்ந்தால், அதில் பாதி வெளியேறவே ஏழெட்டு வருஷம் ஆகும். ('உடம்பு நச்சை மூன்றே நாளில் வெளியேற்றும்' பானம் விற்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.)

புற்றுநோய் வந்த ஒரு முன்னாள் சிப்பாய், அது டையாக்சினால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பார்? முடியாது. அதனால் 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றி, பட்டியலில் உள்ள நோய் வந்தால் போதும், காரணம் டையாக்சின் என்றே அரசு அனுமானித்துக்கொள்ளும். பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிட்டு மாதாமாதம் பணம் வரும். அந்தப் பட்டியலில் 2001-ல் இரண்டாம் வகை சர்க்கரை நோய் சேர்ந்தது, 2010-ல் பார்க்கின்சன், 2022-ல் உயர் ரத்த அழுத்தம். நோய்ப் பட்டியல் இப்படி நீண்டுகொண்டே போனாலும், இடம் பற்றிய விதி 2002-ல் இறுகியது. கரையில் கால் பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்நாட்டு ஆறுகளில் இருந்திருக்க வேண்டும். கடலில் நின்ற கப்பல்காரர்கள் வெளியே.

அதே 2002-ல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வியட்நாம் போருக்குப் போன அந்நாட்டு வீரர்களில், காட்டில் கிடந்த தரைப்படையினரைவிடக் கடற்படையினரின் இறப்பு விகிதம் அதிகம் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஏன்? குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டது, கப்பலின் குடிநீரை.

போர்க்கப்பல் குடிநீரைத் தானே தயாரித்துக்கொள்ளும். கடல்நீரை ஆவியாக்கி, ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். உப்பு அடியில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த காய்ச்சி வடித்தல்தான். உப்பே வராதபோது, கொதிநிலை நானூறு டிகிரியைத் தாண்டும் டையாக்சின் எப்படி வரும்?

பதில் ஊட்டியில் இருக்கிறது. சாலையோரத் தகரக் கொட்டகையில் நீலகிரி தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா நிறைய யூகலிப்டஸ் இலை, கொஞ்சம் தண்ணீர், காய்ச்சி முடித்த பழைய இலைகளே விறகு. மூடியிலிருந்து கிளம்பும் குழாய் தண்ணீர்த் தொட்டி வழியாகப் போய், மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும். முதல் தடவை பார்த்தபோது, பாத்திரத்தில் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் ஏறி நிற்பதை வெகுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெயில் பெரும்பகுதி சினியோல். அதன் கொதிநிலை 176 டிகிரி. அண்டாவுக்குள் சூடோ நூறைத் தாண்டவில்லை. பிறகு எப்படி வந்தது?

நீரும் எண்ணெயும் ஒட்டாத சம்பந்திகள். ஒரே அண்டாவில் இருந்தாலும் ஒன்றை ஒன்று சட்டை செய்யாது. நீர் தன் பங்குக்கு ஆவி அழுத்தம் கொடுக்கும், எண்ணெய் தன் பங்குக்குக் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தைத் தொட்டதும் கொதி வந்துவிடும். நூறு டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே! எண்ணெய் தன் கொதிநிலைக்குப் போக வேண்டியதே இல்லை, நீராவியோடு தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது.

டையாக்சின் கடல்நீரில் படலமாக மிதக்கும் அளவுக்கு இருக்காது, இருப்பது நுண்ணளவு. ஆனால் தன்மை அதேதான், இன்னும் தீவிரம். ஒரு லிட்டர் நீரில் நானோகிராம் கணக்கில்தான் கரையும். நீருக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் வேண்டாத விருந்தாளி மாதிரி வாசலைப் பார்த்தபடி நிற்கும். உப்பு இருந்தால் நெருக்கடி இன்னும் கூடும். கொதி வந்து கதவு திறந்ததும் அதுதான் முதலில் ஓடும். உப்பு அப்படியில்லை. அயனியாகப் பிரிந்து நீரோடு அவ்வளவு நெருக்கமாகிவிடுவதால் அதற்குக் கிளம்ப மனசே வராது. ஆக, ஒரு பொருள் ஆவியோடு போகுமா என்பதை அதன் கொதிநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீரோடு அதற்கு எவ்வளவு ஒட்டுறவு என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் சோதனைக் கூடத்தில் காய்ச்சிப் பார்த்தார்கள். நீரில் சிறு பங்கே ஆவியான கட்டத்தில், டையாக்சினின் பெரும்பகுதி மறுபக்கம் வந்துவிட்டிருந்தது. இதன் விபரீதம் புரிகிறதா? எடுத்த கடல்நீரில் பெரும்பாகத்தை உப்புக் கழிவாகக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். நச்சு அதோடு போகாமல், குடிக்கிற பங்குக்குள் வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு இயந்திரமே நச்சைச் செறிவாக்கும் இயந்திரம். துருப்புகளை ஏற்றி இறக்கிய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி நங்கூரமிட்ட வுங் தாவ் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ருங் சாட் அலையாத்திக் காடு இருக்கிறது. விமானங்கள் மிக அதிகமாக மருந்தடித்த இடங்களில் ஒன்று அது. அங்கிருந்து நீரோடு நச்சு கடலுக்கு வந்திருக்கும் என்பதுதான் சந்தேகம்.

இத்தனைக்கும் இது பெரிய நிதி கேட்கும் ஆய்வு இல்லை. ஆஸ்திரேலிய முன்னாள் படைவீரர் துறை கேட்டுச் செய்தது. அமெரிக்காவிலோ 2011-ல் நிபுணர் குழு ஒன்று, காய்ச்சி வடித்தலில் டையாக்சின் கூடவே வரும் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்துக் கடல்நீரை யாரும் அளந்து வைக்கவில்லையே, எவ்வளவு குடித்தார்கள் என்று எப்படிச் சொல்வது என்று கையை விரித்தது. அறிவியலாக அது நேர்மையான பதில். ஆனால் அளக்கத் தவறியது அரசு, அதற்கு மாலுமி ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 2019 ஜனவரியில் நீதிமன்றம், கரையோரக் கடலும் வியட்நாம்தான் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமும் வந்து, 2020 ஜனவரி 1 முதல், கரையிலிருந்து சுமார் 12 கடல் மைலுக்குள் பணியாற்றியவர்களும் பட்டியலுக்குள் வந்தார்கள்.

மருந்து விழுந்த ஊர்க்காரர்களுக்கு அமெரிக்காவிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. வியட்நாமியர்கள் ரசாயன நிறுவனங்கள் மேல் நியூயார்க்கில் போட்ட வழக்கு 2005-ல் தள்ளுபடியானது. அமெரிக்கப் பணத்தில் டா நாங் விமானதளத்தின் மண்ணை முந்நூறு டிகிரிக்கு மேல் சுட வைத்துச் சுத்தம் செய்த வேலை 2018-ல் முடிந்தது. அடுத்து பியன் ஹோவா விமானதளத்தில் ஆரம்பித்தார்கள்.