"எந்த இடத்தில்?" என்று கேட்டுப் பாருங்கள்

ஆடித் திருவிழா முடிந்து நான்காம் நாள், அம்மாவோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தாள். படிவம் நான்கு மாணவி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கோயில் மேடையில் பாடும்போது சரணத்தில் குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பத்து விநாடி வாட்ஸ்அப்பில் தாமான் (குடியிருப்பு) முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"எல்லாரும் அதையேதான் பேசுறாங்க மேடம்."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆலோசகராக இருப்பதால் இந்த வலி எனக்கு நன்றாகவே தெரியும். கோலாலம்பூரில் மேடையேறினால் பார்ப்பவர் அந்நியர். பிடிக்காவிட்டால் எழுந்து போவார், அதோடு சரி. இங்கே தோட்டங்களிலிருந்து வெளியேறி வந்தவர்கள் லயத்து அக்கம்பக்கத்தையும் தாமானுக்குக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். குறை சொல்பவர் எதிர்வீட்டு மாமாவாக இருப்பார். தாத்தாவோடு தோட்டத்தில் ஒரே பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நின்றவரின் மகனாக இருப்பார். எதிர்த்துப் பேசினால் மரியாதை போச்சு. பேசாமல் வந்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

இவளிடம் எதிர்வீட்டு மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

இதில் பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? 'உனக்கு' மட்டும்தான் இருக்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒருவர் செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்த பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருத்துச் சொன்னதால் சராசரியாக முன்னேற்றம்தான். ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட சமயங்களில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் செய்த வேலையை விட்டுச் செய்த ஆளின் மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'சூப்பர் லா' என்ற பாராட்டும் இதே கணக்குத்தான். கேட்க இனிக்கும், அடுத்த முறை பாட உதவாது.

அதனால் அவளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். மாமாவிடம் போய், "மாமா, எந்த இடத்துல சரியில்ல?" என்று கேட்க வேண்டும். சண்டைக்குப் போகிற குரலில் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் குரலில். அறையிலேயே ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தோம். முதல் மூன்று முறை அழுகைதான் வந்தது.

கேட்டிருக்கிறாள். அவர் ஒரு காலத்தில் தோட்டத்துப் பஜனையில் பாடியவராம், அது இவளுக்கே தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது ஆம்பள பாட்டும்மா. நீ மேல் ஸ்தாயில எடுத்துட்ட, சரணம் எட்டல. ட்ராக்க ரெண்டு கட்டை இறக்கியிருக்கணும்" என்றாராம்.

கராவோக்கே ட்ராக்கின் சுருதி! அதோடு மேடைப் பதற்றமும் சேர்ந்திருக்கும். பதறும்போது அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், வாய் காயும், மூச்சு மேலோட்டமாகும், தொண்டைத் தசை இறுகும். நீள மூச்சு வேண்டிய இடத்தில்தான் அது கிடைக்காமல் போகும். இதைக் கேட்ட பிறகு, 'எனக்குப் பாட வராது' என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

'எந்த இடத்தில்' என்று கேட்டும் பதில் வராத ஆட்களும் உண்டு. "எல்லாமேதான்" என்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கேட்பதையும் அன்றைக்கே கேட்காதீர்கள். ஒரு பட்டிமன்றத்துக்குப் பிறகு, "உங்க பேச்சு ஜவ்வு" என்று எனக்குச் செய்தி வந்தது. நள்ளிரவில் நான்கு நிமிடக் குரல்பதிவாகப் பதில் அனுப்பினேன். ஜவ்வு என்று நானே நிரூபித்ததுதான் மிச்சம்!

'எல்லாரும் பேசுகிறார்கள்' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. கூச்சப்பட வைக்கும் டி-சட்டையைப் போட்டுவிட்டு மாணவர்களை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள், கவனித்தவர்கள் கால்வாசிதான். எங்கள் ஊரில் கால்வாசிக்கு மேலேயே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலை ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள் பேச்சு செம்பனை விலைக்குப் போயிருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. "நம்ம மானமே போச்சு" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சிரித்தவரைப் பற்றி இவள் என்னிடம் இரண்டு நிமிடம் பேசினாள். அப்பா சொன்ன இந்த வாக்கியத்தைப் பற்றி ஒரு மணி நேரம். தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை இரண்டு வாரம் நீடித்தால் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒருவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் அழைக்கலாம்.

அடுத்து கோயிலில் நவராத்திரி. பாடப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. மாமா ட்ராக்கை இறக்கிக் கொடுத்துவிட்டார் என்று மட்டும் போகிற போக்கில் சொன்னாள்.