மசியல் என்றால் தண்ணீர் இல்லை

போன வாரம் ஒரு அம்மா 9 மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எந்தக் காய் குடுத்தாலும் துப்பிடுறான் டாக்டர்." எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்துக் காட்டினார். கேரட்டை வேகவைத்து, மிக்சியில் அரைத்து, வடிகட்டிய ஆரஞ்சுத் தண்ணீர். அது இறங்குவதற்காக நிப்பிள் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கியிருந்தார். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டிலில் குடிக்கும் குழந்தைக்கு நாக்கைப் புரட்டி மெல்லும் வேலையே வராது. கையளவு வயிறும் தண்ணீரிலேயே நிரம்பிவிடும்.

6 மாதம் முடிந்து, தலை நின்று, பிடித்தால் உட்கார்ந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருந்தால் காய் மசியலை ஆரம்பிக்கலாம். தாய்ப்பால் தொடரட்டும். காய் மட்டும் போதாது, அந்த வயதில் இரும்புச்சத்தும் தேவை என்பதால் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சீக்கிரமே கூடச் சேர வேண்டும்.

சரி, எவ்வளவு மென்மை? வெந்த துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். பூசணியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சீக்கிரம் வெந்துவிடும், கேரட்தான் ஏமாற்றும்: ஓரம் குழைந்திருக்கும், நடுத்தண்டு கடினமாகவே இருக்கும், அதனால் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். ஆவியில் வேகவைத்து, மசிக்கும்போது அடியில் உள்ள தண்ணீரையோ தாய்ப்பாலையோ கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது. கேரட், பூசணியில் உள்ள சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். 1 வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது.

முதலில் நன்றாக மசித்தது, பழகியதும் முள்கரண்டியால் ஒன்றிரண்டாக நசுக்கியது, அப்புறம் விரல் நீளத் துண்டுகள். 9, 10 மாதம் வரை வழவழப்பாகவே கொடுத்துப் பழக்கினால் பிறகு சின்னக் கட்டி வந்தாலும் துப்பும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான்.

நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியை உதட்டருகே கொண்டுபோய், வாய் திறக்கும் வரை காத்திருங்கள். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், திணிக்காதீர்கள். ஒரே காயைப் பத்து முறை கொடுத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. பீட்ரூட் கொடுத்த மறுநாள் டயபர் சிவப்பாக இருப்பதைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடி வருபவர்களும் உண்டு, அது காயின் நிறம்தான்.

குமட்டுவதும் மூச்சு அடைப்பதும் ஒன்றல்ல. குமட்டும்போது சத்தம் வரும், இருமும், முகம் சிவக்கும், குழந்தையே சமாளித்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழவும் முடியாது, உதடு நீலமாகும். அப்போது வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை வலுவாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், கூட இருப்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். முதல் கரண்டி ஊட்டுவதற்கு முன்பே இதை ஒரு முறை உங்கள் மருத்துவரிடம் நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் ஊட்டப்போகும் எல்லோருமே.