ஃப்ரீசர் இழுக்கும் கரண்ட், யூ-சேவ் கொடுக்கும் கழிவு

தீபாவளிக்கு முன்பே தேக்கா சந்தையில் ஆட்டுக்கறியை மொத்தமாக வாங்கி வைக்கலாம் என்று சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அண்ணி தனியாக ஒரு ஃப்ரீசர் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து, "இது எவ்வளவு இழுக்குது? யூ-சேவ்தான் வருதே, அதுல கழிஞ்சிடாதா?" என்று கேட்டார். யூ-சேவ் என்பது மின்சார, தண்ணீர் பில்லில் அரசாங்கம் தரும் கழிவு. பலருக்கும் உள்ள சந்தேகம்தான்.

முதலில் செலவைப் பார்ப்போம். ஃப்ரீசரில் எழுதியிருக்கும் வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்காதீர்கள். கம்ப்ரெசர் விட்டுவிட்டுத்தான் ஓடும், அந்தக் கணக்கு வீணாகப் பயமுறுத்தும். பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அண்ணி வீட்டில் 5 நாள் போட்டு வைத்தோம். 5.5 யூனிட் காட்டியது. நாளுக்கு 1.1 என்றால் மாதம் 33 யூனிட்.

மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் கட்டணம் 3 மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை யூனிட்டுக்கு 27.47 காசு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 29.94 காசு. அந்தக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 10 வெள்ளி.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் உள்சுவரில் ஒரு விரல் கனத்துக்குப் பனி. பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, அதனால் சூடு வெளியேற வழியில்லை. பனியைக் கரைத்து, ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி 5 நாள் அளந்தோம். 4.5 யூனிட். செலவில்லாமல் மாதம் கிட்டத்தட்ட 2 வெள்ளி மிச்சம்.

இனி யூ-சேவ். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு 4 முறை எஸ்பி கணக்கில் தானாகவே வரவாகும். விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வழக்கமான தொகை ஒவ்வொரு முறையும் ஓரறை, ஈரறை வீட்டுக்கு 95 வெள்ளி, மூவறைக்கு 85, நாலறைக்கு 75, ஐந்தறைக்கு 65, எக்ஸிகியூட்டிவ் வீட்டுக்கு 55. வரவுசெலவுத் திட்டத்தில் கூடுதலாக அறிவித்தால் இது ஏறும். அந்த முறை தீராதது அடுத்த பில்லுக்குப் போகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மட்டுமே இந்தக் கழிவு, கொண்டோவுக்குக் கிடையாது. வீட்டில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். குடும்பத்தார் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சொத்து இருந்தால் வராது. வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பவர்களில் குடிமக்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

ஆக, நாலறை வீட்டில் இருக்கும் அண்ணிக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை வரும் 75 வெள்ளியில் 30 வெள்ளியை முதலில் அந்த ஃப்ரீசர்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பில்லில் கழிவு போக மீதி மட்டும் கண்ணில் படுவதால் அது தெரியவில்லை. கழிவுக்கு முந்திய தொகையையும், எத்தனை யூனிட் ஓடியது என்பதையும் பாருங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் பொருள்களை வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு. குடிமக்கள் உள்ள வீவக குடும்பங்களுக்கு 2024-இல் 300 வெள்ளி, 2025-இல் மேலும் 100 வெள்ளி கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) மூலம் பெற்றால் போதும். மின்சிக்கன வில்லையில் மூன்று டிக் அல்லது அதற்கு மேல் உள்ள குளிர்சாதனப் பெட்டிக்கு, திட்டத்தில் சேர்ந்த கடைகளில் இதைப் பயன்படுத்தலாம். பழைய ஃப்ரிட்ஜும் தனி ஃப்ரீசரும் இரண்டாக ஓடும் வீட்டில், ஃப்ரீசர் பகுதி பெரிதாக உள்ள ஒரே ஃப்ரிட்ஜாக மாற்ற இதுதான் நேரம். கடையில் விலையைக் கேட்கும் முன் டிக் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஓடும் என்பது அதிலேயே அச்சிட்டிருக்கும்.