புதுக்குதல்: 'அர்பன் ரினியூவல்' என்பதற்கு உரிய தமிழ்ச் சொல்

சென்னை ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சில ஆண்டுகளுக்கு முன், குழி தோண்டியிருந்த இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து, அதில் 'சீரமைப்புப் பணி நடைபெறுகிறது' என்று எழுதியிருந்தார்கள். குழியிலிருந்து வெட்டி எடுத்த வார்ப்பிரும்புக் குழாயின் ஒரு துண்டு மண்மேட்டின்மேல் கிடந்தது. கை முழுவதும் தாராளமாக நுழைய வேண்டிய அதன் துளைக்குள் துருக்கட்டிகள் நான்கு பக்கமும் முளைத்து, நடுவில் இரண்டு விரல் போகும் அளவுக்கே வழி எஞ்சியிருந்தது. எதிரே பாத்திரக் கடை வைத்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, ரோடு போடப் போறாங்களா, இல்ல குழாய மாத்தப் போறாங்களா? போர்டப் படிச்சா ஒண்ணும் வெளங்கலையே" என்று கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. மேலே தார் ஊற்றுவதும் சீரமைப்புதான், கீழே நூறாண்டுக் குழாயைத் தூக்கிவிட்டுப் புதியதைப் பதிப்பதும் சீரமைப்புதான் என்றால், அந்தச் சொல்லைப் படித்து அவர் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? பழைய நகரப் பகுதிகளின் குழாய், வடிகால், மின்கம்பி, தெரு ஆகியவற்றைப் புதிதாக்கும் வேலையை ஆங்கிலத்தில் 'அர்பன் ரினியூவல்' என்கிறார்கள். அத்தொடர் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன, அவற்றுள் எது பொருந்தும் என்பதை இங்கே பார்க்கலாம்.

'ரினியூவல்' என்பதன் நேர்ப்பொருள் மீண்டும் புதிதாக்குதல் என்பதே. ஆனால் 'அர்பன்' என்னும் அடையோடு அது ஒரு சட்டச் சொல்லாகப் பிறந்தது அமெரிக்காவில். 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், நலிந்த நகரப் பகுதிகளைக் கையகப்படுத்தி இடித்து வேறு பயனுக்கு விட நகராட்சிகளுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. 1954-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதுதான் 'அர்பன் ரினியூவல்' என்னும் பெயர் நிலைபெற்றது. பெயர் புதுப்பித்தலாக இருந்தாலும் நடந்தது பெரும்பாலும் இடிப்பு. பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதி 1950-களின் இறுதியில் ஏறக்குறைய முழுவதுமாகத் தரைமட்டமாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1963-இல் ஒரு நேர்காணலில், அது கறுப்பின மக்களை அப்புறப்படுத்துவதற்கு இட்ட பெயர் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே அத்தொடரை அப்படியே எழுத்துப்பெயர்த்துப் பயன்படுத்துகிறவர்கள், இந்த வரலாற்றின் கறையையும் அறியாமல் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் இச்சொல் பரவலானது 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் இயக்கத்தால். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய மூன்று நகரங்கள் அதில் இடம்பெற்றன. அதன் வழிகாட்டு நெறிகளில் நகர்ப்புறப் புதுப்பித்தல் என்றால் என்ன என்று விளக்கியிருப்பது நம் நோக்கத்துக்கு மிகவும் பயன்படுகிறது. குறுகிய தெருக்களை அகலப்படுத்துவது, நெரிசலைக் குறைப்பதற்காக வணிகத்தை நகரின் வெளிப்பகுதிக்கு மாற்றுவது, பழுதடைந்த பழைய குடிநீர்க் குழாய்களுக்குப் பதிலாகக் கொள்ளளவு கூடிய புதியவற்றைப் பதிப்பது, கழிவுநீர், வடிகால் அமைப்புகளைப் புதிதாக்குவது ஆகிய அனைத்தும், பழைய நகரின் உட்பகுதியை முன்வைத்து, அதில் அடக்கப்பட்டன. வணிகத்தை வெளியே மாற்றுவதைச் சென்னை அதற்கு முன்பே கண்டிருந்தது. ஜார்ஜ் டவுனின் கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் சந்தை போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுபோல், மண்ணுக்குள் கிடந்த குழாயின் வயது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அந்த வயதுக்கு ஒரு பொருள் உண்டு. வார்ப்பிரும்புக் குழாயில் ஓடும் நீர் இரும்பை மெல்ல மெல்லக் கரைத்துத் துருக்கட்டிகளாக உள்சுவரிலேயே படியவைக்கிறது. துளை சுருங்க, அழுத்தம் குறைகிறது. நாள் முழுவதும் நீர் வராத நகரங்களில், நீர் நின்ற நேரத்தில் காலியான குழாய் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை வெடிப்புகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பழைய நகரத்துக் குடித்தனக்காரரும் சொல்வார். கழிவுநீர்க் குழாயில் கேடு மேல்வளைவில் தொடங்குகிறது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை ஈரமான மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் சிமெண்டைத் தின்கிறது. ஒரு நாள் மேலே செல்லும் லாரியோடு சாலை உள்வாங்குகிறது. இந்த நிலையில் மேலே எத்தனை முறை தார் ஊற்றினாலும் அது புதுப்பித்தல் ஆகாது.

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். முதலில், இவ்வேலை நடக்கும் பழைய நகரப் பகுதியைக் குறிக்கும் 'டவுன்டவுன்'. இது நியூயார்க்கின் மான்ஹாட்டன் தீவில், ஊரின் தொடக்கக் குடியிருப்பான தென்முனையைக் குறிக்கப் பிறந்து, பின்பு எல்லா அமெரிக்க நகரங்களின் வணிக மையத்துக்கும் பொதுவான சொல். நாம் 'டவுன்' என்று மட்டுமே சொல்லி அதே பொருளைப் பெறுகிறோம். திருநெல்வேலிக்காரர் 'டவுனுக்குப் போறேன்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்குப் போகிறார், சந்திப்புக்கோ பாளையங்கோட்டைக்கோ அல்ல. எழுத்துத் தமிழுக்கு 'அகநகர்' என்னும் பழஞ்சொல் இருக்கிறது. அதன் இணையான 'புறநகர்' இன்று செய்தித்தாள், ரயில் அட்டவணை எங்கும் வாழ்கிறது. அகநகரை மட்டும் நாம் கைவிட்டு, 'நகரின் மையப்பகுதி' என்று சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம். மீட்டெடுக்க இதைவிட எளிய சொல் இல்லை.

அடுத்து, அங்கே புதிதாக்கப்படும் குழாய், வடிகால் முதலியவற்றைக் குறிக்கும் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்'. இது பிரெஞ்சு ரயில்வே பொறியாளர்களின் சொல். தண்டவாளத்துக்குக் கீழே அமையும் மண்கரை, பாலம் முதலிய அடித்தளத்தை அது குறித்தது. இலத்தீனில் 'இன்ஃப்ரா' என்பதற்குக் 'கீழே' என்று பொருள், 'உள்ளே' என்று அல்ல. தமிழ்நாட்டில் 'உள்கட்டமைப்பு' என்றும் இலங்கையில் 'உட்கட்டமைப்பு' என்றும் எழுதுகிறோம். மூலத்தோடு முற்றிலும் ஒட்டாவிட்டாலும், வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. மண்ணுக்கடியில் செல்லும் நீர்வழிக்குப் பழந்தமிழில் 'சுருங்கை' என்றே பெயர் இருந்தது. பரிபாடலிலும் சிலப்பதிகாரத்திலும் மதுரையைப் பற்றிப் பேசும் இடங்களில் அது வருகிறது. நாம் இன்று சொல்லும் 'சுரங்கம்' அதன் உறவுச் சொல். இரண்டுக்கும் மூலம் குழலைக் குறிக்கும் 'சிரிங்ஸ்' என்னும் கிரேக்கச் சொல் என்பது பல மொழியறிஞர்களின் கருத்து. வந்த சொல்லாயினும் ஈராயிரம் ஆண்டுக்கு அருகே நம்மோடு இருந்துவிட்டது.

சிக்கலின் நடு 'ரினியூவல்' என்பதில்தான் இருக்கிறது. 'புனரமைப்பு' என்பதில் 'புனர்' வடமொழி; மீண்டும் என்று பொருள். இலங்கைத் தமிழில் புனரமைப்பும் புனர்வாழ்வும் போரின் அழிவுக்குப் பிந்தைய வேலைகளோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. அழிந்ததைத் திரும்பக் கட்டுவதற்கு அது தக்க சொல், ஓடிக்கொண்டே தேய்ந்த குழாய்க்கு அன்று. 'மறுசீரமைப்பு' என்பதை 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டமும் இன்றைய தொகுதி மறுசீரமைப்பும் எடுத்துக்கொண்டுவிட்டன; எல்லைகளைக் கலைத்து வேறு விதமாக அடுக்குவது என்னும் பொருள் அதில் ஏறியிருக்கிறது. 'புதுப்பித்தல்' அருகில் வருகிறது. ஆயினும் உரிமம், கடவுச்சீட்டு, சந்தா என்று தாள்களோடு பழகிப் பழகி, காலக்கெடுவை நீட்டுதல் என்பதே அதன் அன்றாடப் பொருளாகிவிட்டது.

'மராமத்து' என்னும் சொல்லைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது என் மனத்துக்கு நெருங்கிய சொல். அரபியில் பழுதுபார்த்தலைக் குறித்து, பாரசீகம், உருது வழியாக வந்து, நம் ஆற்றுப்பாசன ஊர்களில் குடிமராமத்து என்று ஊரார் கூடி வாய்க்கால் தூர்வாருவதற்குப் பெயராயிற்று. பொதுப்பணித்துறையே மராமத்து இலாகா என்றுதான் வழங்கியது. அந்நியச் சொல் என்று அதைத் தள்ளுவது நன்றிகெட்ட செயல். ஆனால் மராமத்து, இருப்பதை இருந்தபடி காப்பது. கசிகிற மூட்டை அடைப்பதும் கரையில் மண் போடுவதும் மராமத்து. குழாய் ஆயுள் முடிந்து கிடக்கும்போது அதற்கு மராமத்து செய்துகொண்டே இருப்பது பணத்தை மண்ணில் ஊற்றுவதாகும்.

நான் முன்வைக்கும் சொல் 'புதுக்குதல்'. 'புது' என்பதிலிருந்து நேரே பிறந்த பழைய வினை இது: புதுக்குகிறார், புதுக்கினார், புதுக்கிய. கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்னும் சொல் கிடைக்கிறது. கோயிலைப் புதுக்குவதற்கென்றே ஒதுக்கிய மானிய நிலம் என்பது அதன் பொருள். மடத்துக்கு விட்ட நிலம் மடப்புறம், அறத்துக்கு விட்டது அறப்புறம் என்பதைப் போல, புதுக்குவதற்கு விட்டது புதுக்குப்புறம். இந்தச் சொல்லின் முன் நான் வியந்து நின்றிருக்கிறேன். கட்டிய எதுவும் ஒரு நாள் தேயும் என்பதை அறிந்தவர்கள், பழுது தோன்றிய பிறகு பணம் தேடாமல், அதற்கென்று ஒரு நிலத்தை முன்கூட்டியே பிரித்து, அதன் விளைச்சல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும்படி எழுதி வைத்தார்கள். ஏரியைக் காக்க ஏரிப்பட்டி என்னும் மானிய நிலம் விட்டதும், மண்ணெடுத்துக் கரையில் இடப் பொன் வைத்ததும் அதே எண்ணத்தால்தான். இன்று ஒரு குழாய்த் திட்டத்துக்குக் கடன் வாங்கத் தெரிந்த நமக்கு, அதன் புதுக்குப்புறத்தைக் கணக்கில் எழுதத் தெரியவில்லை. பழைய சாசனங்களின் வடமொழித் தொடர் ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. 'கண்ட ஸ்புடித நவகர்மம்' என்று அவை எழுதுகின்றன: உடைந்தது ஒன்று, விரிசல் கண்டது ஒன்று, புதிதாகச் செய்யும் வேலை ஒன்று. நாம் மூன்றையும் சீரமைப்பு என்கிறோம்.

புதுக்குதல் என்பதில் இடித்துத் தள்ளுதல் இல்லை என்பதும் அதன் தகுதிகளுள் ஒன்று. இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டை லண்டனிலிருந்து தருகிறேன். 1971-இல் ஹாக்னி பகுதியில், நூறாண்டு பழைய செங்கற் கழிவுநீர்ச் சுருங்கை ஒன்றை, தெருவைத் தோண்டாமலேயே எரிக் வுட் என்னும் பொறியாளர் புதுக்கினார். பிசினில் ஊறவைத்த கம்பளித்துணி போன்ற நீண்ட உறையைப் பழைய வழிக்குள் செலுத்தி, அது சுவரோடு ஒட்டி இறுகும்படி செய்தார். பழைய குழாய்க்குள் புதிய குழாய் ஒன்று உருவாகிவிட்டது. மேலே கடைகள் திறந்திருக்க, கீழே வேலை முடிந்தது. இன்று உலகெங்கும் நெரிசலான அகநகர்களில் இம்முறை கையாளப்படுகிறது. இதை மறுகட்டுமானம் என்றால் தவறு, பழுதுபார்த்தல் என்றால் குறைவு. புதுக்குதல் என்றால் பொருள் சரியாக உட்காருகிறது. அவ்வாறே துருப்பிடித்த வார்ப்பிரும்பை எடுத்துவிட்டு அதே தடத்தில் புதிய குழாய் இடுவதும் புதுக்குதல்தான். ஏனெனில் புதுக்கப்படுவது இரும்பு அன்று, தெருவுக்கு நீர் வரும் வழி.

ஆகவே பள்ளம் விழுந்த தெருவை நிரவுவதைச் செப்பனிடுதல் என்றும், கசிவை நிறுத்துவதைப் பழுதுபார்த்தல் அல்லது மராமத்து என்றும், ஆயுள் முடிந்ததன் இடத்தில் அதே பணியைச் செய்யப் புதியதை வைப்பதைப் புதுக்குதல் என்றும், ஒரு பகுதியையே அகற்றி வேறொன்றை எழுப்புவதை இடித்துக் கட்டுதல் என்றும் எழுதலாம். இறுதியில் சொன்னதற்கு அழகான பெயர் தேட வேண்டாம்; வெஸ்ட் எண்டில் நடந்ததை அமெரிக்கர்கள் இடித்துக் கட்டுதல் என்றே அழைத்திருந்தால் அங்கே குடியிருந்தவர்களுக்குத் தங்களுக்கு என்ன நேரப்போகிறது என்பது முன்பே தெரிந்திருக்கும். முழுத் தொடர் வேண்டும்போது 'அகநகர் உள்கட்டமைப்புப் புதுக்குதல்' என்றோ, திருப்பணி என்பதன் வழியில் சுருக்கமாக 'அகநகர்ப் புதுக்குப்பணி' என்றோ எழுதலாம். புதுக்குப்புறத்தில் போலவே புதுக்குப்பணியிலும் பகர ஒற்று மிகும்.

தங்கசாலைச் சந்தின் தகரத் தடுப்பில் 'குடிநீர்க் குழாய் புதுக்குப்பணி. முடிந்தபின் சாலை செப்பனிடப்படும்' என்று எழுதியிருந்தால், அந்தப் பாத்திரக் கடைப் பெரியவர் என்னிடம் கேட்க வேண்டியிருந்திருக்காது.