அடைப்பைக் கழுவிவிட முடியாது

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன். இவற்றைக் காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். அடைத்த தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆன ஒருவர், அதை நம்பி மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து, நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் கேட்டார்: "உள்ளே படிந்த கொழுப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்றார்களே டாக்டர்?"

இந்தக் 'கழுவும்' எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை. தமனி என்ன, சமையலறைக் கழிவுநீர்க் குழாயா? அப்படியென்றால் கொழுப்பு நெடுகிலும் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டுமே! ஆஞ்சியோகிராம் திரையில் நாங்கள் பார்ப்பது வேறு. இதயத்தின் இடது பிரதானத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், கழுத்துத் தமனியின் கவட்டை, வளைவுகளின் உட்பக்கம்: அடைப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அதே ரத்தம், அதே கொலஸ்ட்ரால். சற்றுத் தள்ளி, நேராக ஓடும் பகுதி பல சமயம் பளிச்சென்று இருக்கும்.

ஏனென்றால் தமனிச் சுவருக்கு உயிர் இருக்கிறது. அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுள்ள எண்டோதீலியம் என்ற படலம் உண்டு. ரத்தம் ஒரே திசையில் சீராக உரசிக்கொண்டு ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. சில நொடிகளே நிலைக்கும் இந்த வாயு தமனியை விரிக்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாது. (1998இல் மூவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வாயு.) பிரியும் இடத்தில் ரத்தம் சுழன்று முன்னும் பின்னும் அலைவதால் சுரப்பு குறைகிறது, வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதங்கள் கூடுகின்றன. கொழுப்பு சேர்வது சுவரின் மேல் அல்ல, சுவருக்குள். உள்ளே புதைந்ததை எந்தக் கஷாயம் கழுவும்?

பைபாஸ் செய்பவர்கள் மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் தமனியை விரும்பி எடுப்பதற்கும் இதில் பங்கு உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரக்கும். அதில் அடைப்பு அரிது.

உடனே "நைட்ரிக் ஆக்சைடு பொடி" தேடிக் கடைக்கு ஓடாதீர்கள். உடல் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் மூலப்பொருள் ஆர்ஜினின். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2006இல் வெளிவந்தன.

நடங்கள். ரத்த ஓட்டம் கூடினால் நைட்ரிக் ஆக்சைடைச் சுவர் தானே சுரந்துகொள்ளும். மணிக்கணக்காக உட்கார்ந்தால் கால் தமனிகளின் விரியும் திறன் குறைகிறது. மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் உலாவுங்கள். சிகரெட்டில் "ஒன்றே ஒன்று" என்ற பேரம் என்னிடம் வேண்டாம். பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். ஸ்டென்ட் மாத்திரையை எங்களைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர்கள் சில்டெனாபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் நைட்ரிக் ஆக்சைடின் பாதையிலேயே வேலை செய்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், ஐயா, வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன்.