எழுமீன்: சப்தரிஷி மண்டலத்தின் தமிழ்ப் பெயர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்கள் ‘சப்தரிஷி மண்டலம்’ என்பார்கள். பிள்ளைகளுக்கு மலாயில் அது ‘பிடுக்’, அதாவது படகு. வடக்கு வானத்தில் அகப்பை வடிவில் தெரியும் அந்த ஏழு விண்மீன்களுக்கு எழுமீன் என்று நல்ல தமிழ்ப் பெயரே இருக்கிறது.

சப்தரிஷி வடசொல். சப்த என்றால் ஏழு. கிரது, புலகர், புலத்தியர், அத்திரி, ஆங்கிரசர், வசிட்டர், மரீசி என ஏழு முனிவர்கள். எழுமீனில் முனிவர்கள் இல்லை. ஏழு மீன்கள், அவ்வளவுதான். ‘ஏழு’ குறுகி ‘எழு’ ஆனது, எழுபதில் வருவதைப் போல. மின்னுவதால் மீன் என்பது தமிழ் மரபு சொல்லும் காரணம். கார்த்திகைக்கு அறுமீன் என்று பெயர் வைத்ததும் இதே வழியில்தான்.

இந்தச் சொல் நற்றிணை 231ஆம் பாட்டில் வருகிறது: ‘கைதொழு மரபின் எழுமீன் போல’. பெரிய கடற்பரப்பில் முதுகு நனைய நீராடும் சிறிய வெண்ணிறக் கடற்காக்கைகள், மாசில்லாத நீல வானத்து எழுமீன் போலத் தெரிகின்றனவாம். எவ்வளவு துல்லியமான கண் பாருங்கள்! எழுமீனைக் கைகூப்பித் தொழும் வழக்கம் அன்றே இருந்ததும் இந்த ஓர் அடியில் தெரிந்துவிடுகிறது.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததியும் இங்கேதான். அகப்பைக் காம்பின் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரியும், அதுதான் அருந்ததி. சங்கப் புலவர்கள் அதை வடமீன் என்றார்கள். பகல் முகூர்த்தத்தில் ஐயர் கை காட்டும் திசையில் எதுவும் தெரியாது. ஆசை இருந்தால் இரவில் போய்ப் பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுமீன் ஒரு முழு விண்மீன் கூட்டம் அல்ல. இன்றைய வானியல் பிரித்திருக்கும் 88 கூட்டங்களில் பெருங்கரடி ஒன்று. எழுமீன் அதன் ஒரு பகுதி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது தவறு.

சரி, எப்போது பார்ப்பது? ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் இரவு பத்து மணி வாக்கில், மழை விட்டு வானம் வெளுத்திருந்தால், செம்பனை மறைக்காத திடலில் வடக்கே பார்த்து நில்லுங்கள். அகப்பை கவிழ்ந்து கிடக்கும், காம்பு வலப்பக்கம். துருவ விண்மீன் நம் ஊரில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகை உயரத்தில்தான் இருக்கும், அதனால் அதை வைத்து எழுமீனைத் தேட முடியாது. அக்டோபர், நவம்பர் முன்னிரவுகளில் எழுமீனும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.